பஜ்ஜிக்கடை எண்ணெயிலிருந்து பயோடீசல்: முதல் 1 லிட்டருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பாலிடெக்னிக் வாசலில் ஒரு பஜ்ஜிக்கடை இருக்கிறது. சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் வாணலியின் அடியில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒன்றரை லிட்டர் எண்ணெய் மிஞ்சும். முன்பெல்லாம் கடைக்கார அக்கா அதை மறுநாள் புது எண்ணெயோடு கலந்துவிடுவார். ரொம்பவே கெட்டுப்போனால் சாக்கடையில் கொட்டுவார். நான் போய்க் கேட்டபோது, "இந்தக் கரி எண்ணெய் உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார். "இதுல நம்ம காலேஜ் இன்ஜினை ஓட்டலாம்க்கா" என்றேன். அவர் நம்பவில்லை. மூன்று வாரம் கழித்து ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போய், 5 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அதே எண்ணெயில் தடதடவென்று ஓடுவதைக் காட்டினேன். புகை வரும் பக்கம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கடை வாசனை அடிக்குதே!" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு எண்ணெய் எடுத்து வைப்பது அவர் பொறுப்பு.

நான் வேதியியல் ஆய்வகத்தில் பயிற்றுநர். ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். விவசாயிகளும் ஓட்டல்காரர்களும் வந்து கேட்பதால், முதல்முறை செய்பவருக்கு எது தெரிந்திருக்க வேண்டுமோ அதை இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கலக்கும் நேரத்தைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் முக்கால் பங்கு வேலை கலக்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எண்ணெயில் எவ்வளவு ஈரம், எவ்வளவு புளிப்பு என்று தெரிந்துகொண்டவர் தோற்பதில்லை.

எண்ணெய் எப்படி டீசலாகிறது

தாவர எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடும் என்பது புதுச் செய்தி இல்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. இன்ஜெக்டரால் அதைப் பூந்தூறலாகத் தெளிக்க முடியாது. பாதி எரிந்து பாதி கரியாகப் படியும். அப்படியே ஊற்றி ஓட்டினால் சில மாதத்தில் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெயின் ஒரு மூலக்கூறை மூன்று பல் உள்ள சீப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். பிடி கிளிசரின், பற்கள் கொழுப்பு அமிலங்கள். காஸ்டிக் சோடா போன்ற ஒரு காரத்தின் துணையோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்தால் பற்கள் பிடியிலிருந்து கழன்று, ஒவ்வொன்றும் ஒரு மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். அப்படிப் பிறக்கும் மெத்தில் எஸ்டர்தான் பயோடீசல். பிடி தனியாகக் கிளிசரினாக அடியில் தங்கிவிடும். பெல்ஜியத்தில் 1937இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் இடையே ஒரு பேருந்தையே ஓட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பாமாயில். மெத்தனாலுக்குப் பதில் எத்தனால், அவ்வளவுதான் வேறுபாடு. நம் டீக்கடை வாணலியில் கொதிப்பதும் பெரும்பாலும் பாமாயில்தானே!

முதலில் சட்டம்

இதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் மெத்தனாலைக் கடையில் போய் வாங்கிவர முடியாது. வாங்கவும் வைத்திருக்கவும் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் சாராயத்தில் கலந்த மெத்தனால். மணத்திலும் நிறத்திலும் குடிக்கும் சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாத திரவம் இது. சில வாய் உள்ளே போனாலே கண்பார்வையையும் உயிரையும் எடுத்துவிடும்.

அதனால் உரிமம் இல்லாமல் யாரிடமாவது சொல்லி ஒரு கேன் வாங்கிவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். பக்கத்துப் பாலிடெக்னிக்கோ பொறியியல் கல்லூரியோ இருந்தால் அங்கே கேளுங்கள். மாணவர் திட்டமாக உங்கள் எண்ணெயை எடுத்துக்கொண்டு, உங்களையும் கூட வைத்துச் செய்துகாட்ட ஆசிரியர்கள் பல இடங்களில் தயாராக இருக்கிறார்கள். முதல் 1 லிட்டரை அப்படிச் செய்வதே நல்லது. தொடர்ந்து செய்ய நினைப்பவர் முறைப்படி உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். செய்ததை அடுத்தவருக்கு விற்பதற்குத் தனி அனுமதி தேவை. இங்கே சொல்வதெல்லாம் சொந்த இன்ஜினுக்கு மட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை செய்பவருக்கு எரிபொருள் தீர்வை கிடையாது. கணக்கு எழுதி வைத்தால் போதும்.

எண்ணெய் சேகரிப்பதிலும் ஒரு விதி உண்டு. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவகங்கள் கணக்கு வைத்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய ஏற்பாடு இது. நாம் வீட்டு எண்ணெயையும் சின்னக் கடை எண்ணெயையும் எடுத்துக்கொள்வோம். பழகுவதற்கு அதுவே தாராளம்.

கையில் எடுப்பதற்கு முன்

மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நம் ஊர் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சாதாரணக் கரி முகமூடி அதன் ஆவியைத் தடுக்காது. ஆகவே கூரைக்கு அடியில், காற்று தாராளமாக வீசும் திறந்த தாழ்வாரத்தில் செய்யுங்கள். சமையலறை கூடவே கூடாது. கேஸ் அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு ஆகியவை கட்டாயம். கையுறையில் மெத்தனால் பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். நைட்ரைல் அதை நெடுநேரம் தாங்காது. கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய் இருக்கட்டும். காரமோ கலவையோ தோலில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்ய வேண்டும். தனியாக மட்டும் செய்யாதீர்கள். கூட ஒருவர் நிற்கட்டும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எதையும் குடிக்கும் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலில் வைத்த மெத்தனால் தண்ணீராகவேதான் தெரியும். தடித்த எச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) கேனில் வைத்து, 'விஷம்' என்று பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள்.

பாத்திரங்களில் எவர்சில்வர், கண்ணாடி, எச்டிபிஇ பிளாஸ்டிக் மூன்றும் சரி. அலுமினியம் ஆகாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜனை வெளிவிடும். துத்தநாகம் பூசிய வாளி ஆகாது. செம்பும் பித்தளையும் பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும். அப்புறம், 0.1 கிராம் வரை காட்டும் சின்ன எடைமானி, வெப்பமானி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சுகள், அளவு ஜாடி. இவ்வளவு இருந்தால் தொடங்கலாம்.

எண்ணெயைத் தயார் செய்தல்

முதலில் பழைய பருத்தி வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். வடித்ததை ஒரு கேனில் ஊற்றி ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். மாவுத்தூள், ஈரம், கரி எல்லாம் அடியில் படியும். மேலே இருக்கும் தெளிந்த எண்ணெயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள நாலு விரற்கடை எண்ணெய்க்கு ஆசைப்படாதீர்கள். ஈரம் முழுக்க அங்கேதான் இருக்கும்.

அடுத்து ஈரத்தை விரட்ட வேண்டும். எண்ணெயை எவர்சில்வர் பாத்திரத்தில் பாதியளவுக்கு மேல் போகாமல் ஊற்றி, இண்டக்‌ஷன் அடுப்பில் மெதுவாக 110 முதல் 120 டிகிரி வரை சூடாக்குங்கள். மெத்தனால் கேன் இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கக்கூடாது. ஈரம் இருந்தால் முதலில் சின்னச் சின்னக் குமிழ் வரும். அப்புறம் படபடவென்று சத்தம் கேட்கும். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் திடீரென்று பொங்கித் தெறிக்கும். அதனால்தான் பாதிப் பாத்திரம், அதனால்தான் மெதுவாக. சத்தம் முழுதாக அடங்கி, எண்ணெய் மேற்பரப்பு கண்ணாடிபோல் சும்மா இருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

சந்தேகமாக இருந்தால் எடையைப் பாருங்கள். 500 கிராம் எண்ணெயை எடுத்து 110 டிகிரிக்கு மேல் கால் மணி நேரம் வைத்து, ஆறவிட்டு மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடை அரை கிராமுக்குள் இருந்தால் மேற்கொண்டு போகலாம்.

ஒரு ஐப்பசி மாதம் நானே இதைத் தவறவிட்டேன். மறுநாள் காலையில் விருந்தினருக்குச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. டைட்ரேஷன் (புளிப்பை அளக்கும் சோதனை, அடுத்துச் சொல்கிறேன்) பார்த்தாயிற்று, எண்ணெயும் தெளிவாகத்தான் இருக்கிறது என்று காயவைக்கும் படியை விட்டுவிட்டுக் கலந்துவிட்டேன். மழைக்காலம், கேன் மூடி சரியாக இறுகவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கேனுக்குள் இரண்டு அடுக்கு எதுவும் இல்லை. கேன் முழுக்க மஞ்சள் கஞ்சி. சாய்த்தால்கூட நகரவில்லை. 5 லிட்டர் எண்ணெயும் 1 லிட்டர் மெத்தனாலும் சோப்பாகிவிட்டன. தண்ணீர் எண்ணெயை உடைத்து அமிலமாக்கும். காரம் அந்த அமிலத்தைப் பிடித்துச் சோப்பாக்கும். சோப்பு மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடும். அதை எளிதில் மீட்க வழியில்லை.

புளிப்பைப் பார்த்தல்: மஞ்சள் சொல்லும் கணக்கு

பஜ்ஜி மாவில் இருக்கும் ஈரம், கொதிக்கும் எண்ணெயில் பட்டுப் பட்டு அதை உடைக்கிறது. உடைந்து தனியாகத் திரியும் கொழுப்பு அமிலம்தான் எண்ணெயின் புளிப்பு. நாம் போடும் காரத்தில் ஒரு பங்கை இது தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு போடுவது என்று சொல்ல முடியும்.

1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் (பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும்) சரியாக 1 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சோப்பு செய்யும் கடைக் காஸ்டிக் வேண்டாம், ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். மூடியை இறுக மூடி வைத்தால் சில வாரம் இருக்கும்.

நிறங்காட்டியாகப் பினாப்தலீன் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மஞ்சள்தூள் போதும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி, தெளிந்த மஞ்சள் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலம் கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் குங்குமச் சிவப்பாக மாறுகிறதே, அதே வேதியியல்தான். மாணவர்களுக்கு இதைக் காட்டும் நாள்தான் எனக்கு மிகப் பிடித்த நாள். ஆய்வகத்துக்கு முதல்முறை வந்த பையன்கூட, "எங்க பாட்டி ஆலம் சுத்துறப்போ பாத்திருக்கேன் சார்" என்று முன்னால் வந்து நிற்பான்.

ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி, நாலைந்து சொட்டு மஞ்சள் நீர் விடுங்கள். ஆல்கஹாலிலேயே கொஞ்சம் புளிப்பு இருக்கலாம். அதனால் எண்ணெய் சேர்க்கும் முன், காரக் கரைசலை ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விட்டு நிறம் லேசாகத் திரும்பும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இது கணக்கில் சேராது. இப்போது சிரிஞ்சில் துல்லியமாக 1 மில்லி எண்ணெயை எடுத்து உள்ளே விட்டுக் கலக்குங்கள். மறுபடி மஞ்சளாகிவிடும்.

இன்னொரு சிரிஞ்சில் காரக் கரைசலை நிரப்பி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுழற்றுங்கள். விழுந்த இடத்தில் செந்நிறம் ஒரு நூல்போல ஓடி மறையும். மறைவதற்கு எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே வரும். கடைசியில் முழுக் குடுவையும் சிவந்து, 15 விநாடி அப்படியே நின்றால் நிறுத்துங்கள். எத்தனை மில்லி போயிற்று என்று சிரிஞ்சில் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு நம்பாதீர்கள்.

கணக்கு எளிது. புது எண்ணெயாக இருந்தாலே லிட்டருக்கு 3.5 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதோடு டைட்ரேஷனில் வந்த மில்லியை அப்படியே கிராமாகக் கூட்டுங்கள். அக்கா கடை எண்ணெய்க்கு எங்களுக்குப் பெரும்பாலும் 2.5 வரும். 3.5 கூட்டல் 2.5, லிட்டருக்கு 6 கிராம். 5 மில்லிக்கு மேல் போனால் அந்த எண்ணெயை முதல்முறை செய்பவர் தொட வேண்டாம். சோப்புதான் மிகுதியாக வரும்.

காஸ்டிக் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடுபவர்கள் உண்டு. அது மெத்தனாலில் சீக்கிரம் கரையும், அடியில் தங்கும் கிளிசரினும் இறுகாமல் திரவமாகவே இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். அளவை 1.4 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 6 கிராமுக்கு 8.4 கிராம். கடையில் கிடைப்பது 85 சதவீதத் தூய்மை என்றால் அதை 0.85 ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 9.9 கிராம். இரண்டில் எதுவானாலும் காற்றுப் பட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவைத் திறந்ததும் எடை போட்டு உடனே மூடிவிடுங்கள்.

கலத்தல்

1 லிட்டர் எண்ணெய்க்கு 200 மில்லி மெத்தனால். நன்றாகக் காய்ந்த எச்டிபிஇ பாட்டிலில் மெத்தனாலை ஊற்றி, எடை போட்ட காரத்தைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டக்கூடாது. கரையும்போது சூடேறும். மூடியை மூடி மெதுவாகச் சுழற்றுங்கள். அவ்வப்போது முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து மூடியைத் தளர்த்தி, உள்ளே சேர்ந்த ஆவியை விடுங்கள். காஸ்டிக் சோடா முழுதாகக் கரைய அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். ஒரு குருணைகூடத் தெரியக்கூடாது. இந்தக் கரைசலுக்கு மெத்தாக்சைடு என்று பெயர். மொத்த வேலையிலும் மிக ஆபத்தான பொருள் இதுதான். தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலே புண்ணாக்கிவிடும்.

காயவைத்த எண்ணெய் 55 டிகிரிக்கு ஆறட்டும். 65ஐத் தொட்டால் மெத்தனால் கொதிக்கும், 40க்குக் கீழே இறங்கினால் வேலை மந்தமாகும். 2 லிட்டர் எச்டிபிஇ கேனில் எண்ணெயை ஊற்றி, மெத்தாக்சைடைச் சேர்த்து, மூடியை இறுக்கிப் பலமாகக் குலுக்குங்கள். முதல் நிமிடத்தில் கலவை கலங்கிக் கெட்டியாவதுபோல் தோன்றும். அப்புறம் சட்டென்று நீர்த்து, கருக்கும். கேனை 55 டிகிரி வெந்நீர் வாளியில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து, ஆவியை விட்டு, நன்றாகக் குலுக்கி மறுபடி வாளியில் வையுங்கள். ஒரு மணி நேரம் இப்படிச் செய்ய வேண்டும். வெந்நீரை வேறு இடத்தில் சுடவைத்துக் கொண்டுவந்து மாற்றுங்கள். மெத்தனால் சேர்ந்த கலவையை எந்த அடுப்பிலும் ஏற்றாதீர்கள்.

பெரிய அளவில் செய்பவர்கள் டிரில் மெஷினில் கம்பி மாட்டித் திறந்த டிரம்மில் கலக்குவதைப் பார்த்திருக்கிறேன். டிரில் மோட்டாருக்குள் பொறி பறக்கும், டிரம்மின் மேலே மெத்தனால் ஆவி நிற்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 20 லிட்டருக்குப் போக வேண்டுமானால் மூடிய தொட்டி, பொறி வராத மோட்டார் பம்பு, ஆவி வெளியேறத் தனிக் குழாய் எல்லாம் வேண்டும். அதற்கு முன் 1 லிட்டரில் பத்து முறையாவது செய்து கை பழகட்டும்.

பிரிதலும் சோதனையும்

ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். அரை மணி நேரத்திலேயே அடியில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் கிளிசரின் இறங்கத் தொடங்கும். காலையில் மேலே தேன் நிறத்தில் பயோடீசல், கீழே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கிளிசரின். மேலே இருப்பதை மெதுவாகச் சாய்த்தோ குழாய் வைத்தோ எடுங்கள். குழாயை வாயால் உறிஞ்சக்கூடாது.

எண்ணெய் முழுதாக மாறியதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். பயோடீசல் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாமல் அடியில் சொட்டாக நிற்கும். இது 20 டிகிரியில் செய்ய வேண்டிய சோதனை. நம் ஊர் 33 டிகிரியில் செய்தால் மாறாத எண்ணெயும் கரைந்து ஏமாற்றிவிடும். குடுவையை ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்தி, வெப்பமானி வைத்து 20க்குக் கொண்டுவாருங்கள். ஃபிரிட்ஜுக்குள் மெத்தனாலை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டின் பொறி போதும்.

அடியில் சொட்டு நின்றால் கலங்க வேண்டாம். 50 மில்லி மெத்தனாலில் 1 கிராம் காஸ்டிக் கரைத்து, பயோடீசலை வெந்நீர் வாளியில் 55க்குக் கொண்டுவந்து, கலக்கும் படியை இன்னொரு முறை செய்யுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கழுவுதல்

இப்போதும் உள்ளே சோப்பும் காரமும் மீதி மெத்தனாலும் இருக்கின்றன. தண்ணீரில் கழுவித்தான் எடுக்க வேண்டும். கொங்குப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருப்பதால், சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகத் திரியும். அதற்கு மழைநீர்தான் மருந்து. எங்கள் ஆய்வகக் கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைநீர் வந்த பிறகு, கழுவும் வேலை பாதியாகக் குறைந்தது.

முதல் கழுவலில் குலுக்கக்கூடாது. பயோடீசல் அளவில் மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான மழைநீரை, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் மேலிருந்து பனித்தூறலாக விடுங்கள். சொட்டுகள் சோப்பை வாரிக்கொண்டு கீழே இறங்கும். பால்போன்ற தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டாம் முறை கொஞ்சம் அசைக்கலாம். மூன்றாம் முறை கேனைத் தைரியமாகக் குலுக்கலாம். தண்ணீர் தெளிந்து வந்து, பிஎச் தாளில் 7 காட்டினால் போதும். எங்களுக்கு நாலு தண்ணீர் பிடிக்கும். நடுவில் மோர்போலக் கலங்கிப் பிரியாமல் நின்றால், ஒரு ஸ்பூன் கல்லுப்பைக் கரைத்து விட்டு வெதுவெதுப்பாக ஓர் இரவு வையுங்கள்.

கழுவிய தண்ணீரில் மெத்தனாலும் சோப்பும் உண்டு. கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ விடாதீர்கள். கிளிசரினும் அப்படித்தான். இணையத்தில் அதை அப்படியே குளியல் சோப்பாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மெத்தனால் இருக்கும்வரை அது விஷம். நாங்கள் இரண்டையும் கல்லூரிக் கழிவோடு சேர்த்து முறைப்படி ஒப்படைக்கிறோம்.

காயவைத்தல்

கழுவிய பயோடீசல் கலங்கலாக, நீர்த்த தேங்காய்ப்பால் போலத் தெரியும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, மேலே மெல்லிய துணி கட்டி, இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயில் இந்த வேலைக்கு வரம். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் தினசரித் தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் துல்லியமாகப் படிக்க வந்தால் காய்ந்துவிட்டது. மங்கலாக இருந்தால் இன்னொரு நாள். 1 லிட்டர் பழைய எண்ணெய் போட்டு, கடைசியில் 850 முதல் 900 மில்லி கிடைத்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

இன்ஜினில் ஊற்றுதல்

பழைய வகை மெக்கானிக்கல் பம்பு உள்ள ஒற்றை சிலிண்டர் இன்ஜின் இதற்கு ஏற்றது. கிணற்று மோட்டாராக ஓடும் டீசல் இன்ஜின், பவர் டில்லர், சின்ன ஜெனரேட்டர் இவற்றில் பழகுங்கள். புதிய காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் எரிபொருளைத் தெளிக்கும் முறை) கார்களிலும், புகைவடிகட்டி உள்ள வண்டிகளிலும் வீட்டில் செய்ததை ஊற்றாதீர்கள். நுண்ணிய இன்ஜெக்டர் ஒருமுறை கெட்டால், நீங்கள் பத்து ஆண்டு சேர்க்கும் எண்ணெயும் அந்தச் செலவை ஈடுகட்டாது.

முதல் தடவை 4 லிட்டர் டீசலுக்கு 1 லிட்டர் பயோடீசல் என்று கலந்து ஓட்டுங்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பயோடீசலில் ஆற்றல் எட்டு, பத்து சதவீதம் குறைவு. இந்தக் கலவையில் அது தெரியாது. ஆனால் பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்கின் சுவரில் பல வருடமாகப் படிந்த அழுக்கை எல்லாம் கழுவி இழுத்துவந்து ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் திணறினால் எண்ணெய் கெட்டது என்று நினைக்காமல் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். முதல் இரண்டு டேங்குக்குள் ஒருமுறை மாற்றத்தான் வேண்டியிருக்கும். கையில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் குழாய்கள் ஊறி மெத்தென்று ஆகும். விரலால் அழுத்திப் பார்த்து, தளர்ந்திருந்தால் வைட்டான் என்ற செயற்கை ரப்பர் குழாய்க்கு மாற்றுங்கள்.

பாமாயிலில் செய்தது குளிர்ந்தால் சீக்கிரம் கலங்கும். 15 டிகிரியை நெருங்கும்போதே மெழுகுபோலத் திரியத் தொடங்கும். சமவெளியில் கவலையில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மார்கழியில் ஓட்டுபவர்கள் டீசலின் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். சூரியகாந்தி எண்ணெயில் செய்தது குளிரைத் தாங்கும், ஆனால் வைத்தால் சீக்கிரம் காறும். எதுவானாலும் கேனை விளிம்பு வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, நிழலில் வைத்து, ஆறு மாதத்துக்குள் ஓட்டி முடியுங்கள். கேனின் மேல் செய்த தேதியையும், எந்தக் கடை எண்ணெய், டைட்ரேஷன் எத்தனை மில்லி என்பதையும் மார்க்கரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே கடை எண்ணெய் வந்தாலும் டைட்ரேஷனை மறுபடி பாருங்கள். அக்கா கடையிலேயே ஆடி மாதம் கோவில் திருவிழாக் கூட்டத்தில் வாணலி ஓயாமல் எரிந்த வாரம், 2.5 வர வேண்டிய இடத்தில் எங்களுக்கு 4 வந்தது.